ஆணா? பெண்ணா? சுண்டெலி சொன்ன பதில்!

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேதி தெரிந்ததும் தெருவே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன பிள்ளை?"

வீட்டுப் பெரியவர் குழந்தையின் காதில் பாங்கு சொல்லுகிறார். ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். அகீகா கொடுக்க வேண்டும். ஆண் பிள்ளை என்றால் இரண்டு ஆடு. பெண் பிள்ளை என்றால் ஓர் ஆடு.

அடுத்த தெருவில் இந்து வீடு. அங்கே தொட்டில் கட்டப் போகிறார்கள். அங்கேயும் அதே கேள்விதான். "பையனா, பொண்ணா?"

எப்பொழுதாவது ஒரு தடவை, பிரசவம் பார்த்த நர்ஸ் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பது உண்டு.

குழந்தை நன்றாக அழுகிறது. பால் குடிக்கிறது. கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால், பார்த்தவுடன் ஆண் என்றும் சொல்ல முடியவில்லை. பெண் என்றும் சொல்ல முடியவில்லை. சுமார் 4,500 பிரசவத்தில் ஒன்று இப்படி அமையும் என்பது மருத்துவர்களின் கணக்கு.

அப்பொழுதுதான் வீட்டில் புயல் கிளம்பும்.

"கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று மருமகளைக் கேட்கிறார் மாமியார்.

"யார் செய்த பாவமோ!" என்று முணுமுணுக்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள்.

பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுகிறாள்.

அவள் செய்த குற்றம் என்ன?

ஒன்றுமே இல்லை! இதை விஞ்ஞானிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? சுண்டெலி!

கூண்டுக்குள் ஒரு குரு

அரிசி மூட்டையைக் கடிக்கும் சுண்டெலிக்கு நாம் பொறி வைக்கிறோம். ஆராய்ச்சிக்கூடத்திலோ அதற்குக் கூண்டு கட்டி, வேளைக்குத் தீனி வைத்து வளர்க்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று பல நிறத்தில் இருக்கும். ஆனாலும் அது வீட்டுச் சுண்டெலியின் வம்சம்தான்.

ஏன் சுண்டெலியைத் தேடிப் பிடித்தார்கள்?

அதன் கர்ப்ப காலம் சுமார் 20 நாள்தான். பிறந்த குட்டி இரண்டு மாதத்துக்குள் தானே குட்டி போடத் தயாராகிவிடும். பாட்டன், தகப்பன், பேரன் என்று பல தலைமுறைகளை ஒரே வருஷத்தில் பார்த்துவிடலாம்.

பிறந்த குட்டி ஆணா, பெண்ணா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். மலவாய்க்கும் சிறுநீர் வழிக்கும் நடுவே உள்ள தூரம் ஆண் குட்டிக்கு அதிகம். பெண் குட்டிக்குக் குறைவு.

சில குட்டிகளில் இந்தத் தூரம் அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும். அந்தக் குட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓர் அதிசயம்!

பெண்ணுக்குக் கருமுட்டை விளையும் இடம் சினைப்பை. ஆணுக்கு விந்தணு விளையும் இடம் விரை. அந்தச் சுண்டெலிக்கு ஒரு பக்கம் சினைப்பை, மறுபக்கம் விரை இருக்கும். வேறு சிலவற்றில் ஒரே சுரப்பியில் இரண்டும் கலந்து இருக்கும்!

இப்படிப் பிறக்கும் உயிரை இப்பொழுது தமிழில் "ஊடுபால்" என்று சொல்லுகிறார்கள். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஊடே நிற்பது என்று பொருள்.

இது எப்படி நேருகிறது?

ஒரே மாவு, இட்லியும் ஆகும், தோசையும் ஆகும்

தாயின் வயிற்றில் கரு வளரும்போது அதற்குள் ஒரு ஜோடிச் சின்னச் சுரப்பிகள் தோன்றுகின்றன. ஆரம்பத்தில் அவை விரையும் அல்ல, சினைப்பையும் அல்ல. எதுவாகவும் ஆகக்கூடியவை.

மாவு ஒன்றுதான். கொப்பரையில் ஊற்றினால் இட்லி. கல்லில் ஊற்றினால் தோசை. அதைப் போலத்தான் இதுவும்.

மனிதக் கருவில் சுமார் ஆறு வாரம் வரை இந்த நிலைதான். சுண்டெலிக் கருவில் சுமார் 11-ம் நாள் வரை.

சுரப்பி மட்டும் அல்ல. கருப்பையாக வளரக்கூடிய குழாயும் எல்லாக் கருவிலும் உண்டு. விந்துக் குழாயாக வளரக்கூடிய குழாயும் எல்லாக் கருவிலும் உண்டு. உங்களுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது!

1947-ல் ஆல்பிரட் ஜோஸ்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். தாய் முயலின் வயிற்றில் இருந்த குட்டிகளுக்கே அவர் நுட்பமாக அறுவை செய்தார். அந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டார். பிறகு குட்டிகள் வளர விட்டார்.

என்ன ஆயிற்று? ஆணாக வேண்டிய குட்டி, பெண்ணாக வேண்டிய குட்டி, எல்லாவற்றுக்கும் பெண் உடம்பே அமைந்தது!

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிந்தது. சுரப்பி விரையாக மாறினால், அது இரண்டு கட்டளை போடுகிறது. "கருப்பைக் குழாயே, கரைந்து போ!" என்பது ஒன்று. "ஆண் குழாயே, வளர்!" என்பது மற்றொன்று. ஹார்மோன் என்ற ரசத்தின் மூலம் இந்தக் கட்டளைகள் போகின்றன. கட்டளை வராவிட்டால், உடம்பு பெண் வழியில் போகிறது.

அப்படியானால், அந்தச் சுரப்பியை விரையாக்குவது எது?

பூட்டும் சாவியும்

நம் உடம்பின் உயிரணுக்களுக்குள் குரோமோசோம் என்ற நூல் போன்ற பொருள்கள் இருக்கின்றன. பாதி தாய் கொடுத்தவை. பாதி தகப்பன் கொடுத்தவை. அவற்றில் ஒரு ஜோடியை எக்ஸ் என்றும் ஒய் என்றும் அழைக்கிறார்கள். பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். அந்த ஒய், தகப்பன் வழியாக வருவது.

திண்டுக்கல்லுக்குப் பூட்டு பெயர் போனது. ஆகவே நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். சுரப்பி ஒரு பூட்டு. ஒய்யில் ஒரு சாவி இருக்கிறது. சாவி திரும்பினால் சுரப்பி விரையாகிறது.

1971-ல் இங்கிலாந்தில் புரூஸ் காட்டனாக் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு விசித்திரமான சுண்டெலிக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் சில குட்டிகளுக்கு இரண்டு எக்ஸ் இருந்தது. ஒய் இல்லை. கணக்குப்படி அவை பெண். ஆனால் உடம்போ ஆண்! விரையும் இருந்தது. அளவில் சிறியது, விந்தணு விளையவில்லை.

சாவி இல்லாமல் பூட்டு திறந்தது எப்படி? விஞ்ஞானிகள் திகைத்தார்கள்.

கட்டுவிரியன் துப்புக் கொடுத்தது!

இந்த மர்மத்தைத் துலக்கியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். பெயர் லால்ஜி சிங்.

உத்தரப் பிரதேசத்தில் கல்வாரி என்ற கிராமத்தில் 1947-ல் பிறந்தவர். விவசாயக் குடும்பம். காசி இந்து பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவுக்குப் போனார்.

பாம்பில் கணக்கு தலைகீழ். அங்கே ஆணுக்கு ஒரே மாதிரி இரண்டு. பெண்ணுக்குத்தான் ஜோடி சேராத குரோமோசோம்.

மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியனில், பெண் பாம்பிடம் இருந்து ஒரு டி.என்.ஏ. துண்டை லால்ஜி சிங் பிரித்தெடுத்தார். அதே ஜாதித் துண்டுகள் சுண்டெலியின் ஒய்யிலும் குவிந்து கிடப்பது தெரிந்தது. பாம்பு எங்கே, எலி எங்கே! ஆனாலும் பொருந்தியது.

அந்தத் துண்டை மோப்ப நாய் போலப் பயன்படுத்தினார். விசித்திரச் சுண்டெலிகளின் எக்ஸ் குரோமோசோமில் அதை ஏவினார். அது போய் நின்ற இடம், எக்ஸின் நுனி!

விஷயம் புரிந்துவிட்டது. தகப்பன் எலியின் உடம்பில் விந்தணு உண்டாகும்போது, ஒய்யின் ஒரு சிறு பகுதி எக்ஸின் நுனிக்குத் தாவி ஒட்டிக்கொண்டது. சாவியும் கூடவே போய்விட்டது. 1982-ல் லால்ஜி சிங்கும் கே. டபிள்யூ. ஜோன்ஸும் இதை வெளியிட்டார்கள்.

பாம்புத் துண்டுதான் சாவி என்று நினைத்துவிடாதீர்கள். அது சாவி கிடக்கும் இடத்தைக் காட்டிய கைவிளக்கு.

லால்ஜி சிங் 1987-ல் தாய்நாடு திரும்பி ஐதராபாத்தில் உள்ள உயிரணு ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். அதே பாம்புத் துண்டை வைத்து, ஆளை அடையாளம் காணும் டி.என்.ஏ. சோதனையை நம் நாட்டிலேயே உருவாக்கினார். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் அந்த மையத்தின் சோதனை உதவியது. அவர் 2017-ல் காலமானார்.

சாவி கிடைத்தது

1990-ல் லண்டனில் பீட்டர் குட்பெலோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுவினர் அந்தச் சாவியையே கண்டுபிடித்தார்கள். அது ஒரு சிறிய ஜீன். எஸ்.ஆர்.ஒய். என்று பெயர் வைத்தார்கள்.

சாவி அதுதான் என்பதற்கு என்ன சாட்சி? மறு வருஷமே அதையும் காட்டினார்கள். சுண்டெலியின் கருமுட்டைக்குள் அந்த ஜீனை மட்டும் செலுத்தினார்கள். பிறந்த குட்டிக்கு இரண்டு எக்ஸ், ஒய் இல்லை. ஆனாலும் அது ஆணாக வளர்ந்தது. பெண் எலியைத் தேடிப் போயிற்று. குட்டி உண்டாக்கும் சக்தி மட்டும் இல்லை.

"சரி, மர்மம் தீர்ந்தது" என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! சாவி இருந்தும் பூட்டு பாதிதான் திறந்த கதை ஒன்று இருக்கிறது.

இரண்டு குடும்பமும் நல்ல குடும்பம்தான்

சுவிட்சர்லாந்தில் போஸ்கியாவோ என்று ஒரு மலைப் பள்ளத்தாக்கு. அந்த ஊர்ச் சுண்டெலிகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஒய் உள்ளது ஆணாகப் பிறக்கும், குட்டிகளுக்குத் தகப்பனாகும்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் பெரிய சுண்டெலி ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ஒரு கறுப்புச் சுண்டெலி வம்சம். அதற்கும் குறை இல்லை.

ஈவா ஐக்கர், லிண்டா வாஷ்பர்ன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் இந்த இரண்டு வம்சத்தையும் கலந்தார்கள். கறுப்பு வம்சத்துக்குள் மலை எலியின் ஒய் வரும்படி, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள்.

விளைவு என்ன? ஒய் இருந்த குட்டிகளில் சிலவற்றுக்குச் சினைப்பை! வேறு சிலவற்றுக்கு ஒரே சுரப்பியில் இரண்டும்! நடுவில் விரை; இரண்டு முனையிலும் சினைப்பை. 1982-ல் இந்தச் சேதி வெளிவந்தது.

தகப்பன் வழியில் குறை இல்லை. தாய் வழியில் குறை இல்லை. பின் ஏன் இப்படி?

ஆறு மணி நேரம்

காரணம், நேரம்!

சாவி திரும்புவதற்கு ஒரு நேரம் உண்டு. சுண்டெலிக் கருவில் அது 11-ம் நாளை ஒட்டி வருகிறது. அந்த நேரம் எவ்வளவு என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009-ல் அளந்து சொன்னார்கள். சுமார் ஆறு மணி நேரம். அவ்வளவுதான்!

திண்டுக்கல் ஜங்ஷனில் ரயில் சில நிமிஷமே நிற்கிறது. வீட்டில் இருந்து கிளம்பியவர் மேல் தப்பு இல்லை. ரயில் மேலும் தப்பு இல்லை. வழியில் பஸ் கொஞ்சம் தாமதம். ரயில் போய்விட்டது! அதைப் போலத்தான்.

மலை எலியின் சாவி மெதுவாகத் திரும்பும் சாவி. கறுப்பு எலியின் கடிகாரமோ வேகமானது. சாவியின் வேலை சுரப்பியின் நடுவில் தொடங்கி முனைகளுக்குப் பரவ வேண்டும். நடுப்பகுதி பிழைத்துக்கொண்டது; விரையாயிற்று. முனைகளுக்குச் சாவி போய்ச் சேருவதற்குள் அங்கே சினைப்பை வேலை ஆரம்பித்துவிட்டது.

சினைப்பை என்பது வேலையில்லாமல் சும்மா வந்துவிடுவது என்றும் எண்ண வேண்டாம். அதைக் காக்கவும் ஜீன் இருக்கிறது. வளர்ந்த பெண் சுண்டெலியில் அந்தக் காவல் ஜீனை விஞ்ஞானிகள் நிறுத்திப் பார்த்தார்கள். சினைப்பையின் உயிரணுக்கள் விரையின் உயிரணுக்கள் போல மாறத் தொடங்கின! இதுவும் 2009-ல் வெளிவந்த சேதிதான்.

ஆகவே ஆண், பெண் என்பது ஒரே ஒரு கோட்டில் பிரிந்து நிற்பது அல்ல. பல ஜீன்கள், பல கட்டளைகள், சில மணி நேரங்கள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது.

கட்டளை காதில் விழாத உடம்பு

இன்னொரு வகையும் உண்டு. 1970-ல் இங்கிலாந்தில் மேரி லயன் என்ற அம்மையாரும் அவருடன் வேலை செய்தவரும் அதைச் சுண்டெலியில் கண்டார்கள்.

இந்தச் சுண்டெலிக்கு ஒய் உண்டு. வயிற்றுக்குள் விரையும் உண்டு. விரை ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. ஆனால் உடம்புக்கு அந்தக் கட்டளை கேட்கவில்லை! வெளியே பார்த்தால் பெண் எலி.

மனிதரிலும் இது உண்டு. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பூப்பு எய்தவில்லையே என்று டாக்டரிடம் போகும்போதுதான் சிலருக்கு இது தெரிய வருகிறது.

எலிக்கு நடப்பது எல்லாம் மனிதருக்கு அப்படியே நடக்கும் என்பதில்லை. ஜீன்களின் பலத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் பூட்டும் சாவியும் இருவருக்கும் ஒரே மாதிரிதான்.

கிரகணம் இதில் எங்கே வந்தது? பாவம் எங்கே வந்தது? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்!

பறிபோன பதக்கம்

எலிக்கு இதனால் அவமானம் இல்லை. மனிதருக்கு உண்டு.

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த சாந்தி சவுந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். ஏழை வீட்டுப் பெண். 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். பிறகு, பெண்தானா என்று சோதனை வைத்தார்கள். பதக்கத்தைப் பறித்தார்கள். சேதி ஊர் ஊராகப் பரவியது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்தபடி வளர்ந்தார், வளர்ந்தபடி ஓடினார்.

குழந்தைகளுக்கு வேறு விதமான துன்பம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுவை செய்து, ஆண் அல்லது பெண் என்று ஆக்கிவிடுவது உலகம் எங்கும் நெடுங்காலம் நடந்தது. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு, "நான் பெண் அல்ல, ஆண்" என்றோ, "நான் ஆண் அல்ல, பெண்" என்றோ உணர்ந்தால்? வெட்டியதை ஒட்ட முடியுமா? பிள்ளை பெறும் வாய்ப்பும், உணர்ச்சியும் போன பிறகு யாரிடம் கேட்பது?

மதுரையில் பிறந்த தீர்ப்பு

இந்தக் கேள்விக்குப் பதில் மதுரையில் கிடைத்தது.

தூத்துக்குடியில் 2018-ல் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. திண்டுக்கல்லும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டார். அதோடு நிற்கவில்லை. ஊடுபால் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட அறுவையைத் தடை செய்ய வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவிட்டார். மதுரையைச் சேர்ந்த கோபி சங்கர் போன்றவர்கள் இதற்காகப் பல வருஷம் குரல் கொடுத்திருந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 13-ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, குழந்தைக்கு அந்த அறுவை கூடாது! இந்தியாவில் இப்படி ஆணை போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடுதான். உலகில் முதலில் சட்டம் செய்தது மால்டா என்ற குட்டி நாடு. அது 2015-ல்.

பெற்றோர் செய்ய வேண்டியது

கத்தி வேண்டாம் என்றால் டாக்டரே வேண்டாம் என்று பொருள் அல்ல. குழந்தையை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஏன் என்றால், இவற்றில் ஒரு வகைக்குத் தாமதமே எமன். சிறுநீரகத்தின் மேலே உள்ள சுரப்பி சரியாக வேலை செய்யாததால், உடம்பில் உள்ள உப்பு வெளியேறிவிடும். பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்துச் சோர்ந்துவிடும். எடை குறையும். கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும். மருந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். ரத்தச் சோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

வேறு சில வகைகளில், வயிற்றுக்குள் தங்கிய சுரப்பியில் பின்னால் கட்டி வரக்கூடும். ஆகவே டாக்டர் அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

மற்றபடி குழந்தையை வளர விடுங்கள். பெயர் வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். விவரம் தெரியும் வயதில், அதன் உடம்பைப் பற்றி அதற்கே சொல்லுங்கள். முடிவு செய்ய வேண்டியது அது, ஊர் அல்ல.

இனி பேகம்பூர் வீட்டுக்குத் திரும்புவோம்.

பெற்றவள் இன்னும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்திருக்கிறாள். குழந்தை பசித்து அழுகிறது. பெரியவர் அதைக் கையில் எடுக்கிறார். காதில் பாங்கு சொல்லுகிறார். பாங்குக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாங்குதான்.

வாசலில் யாரோ கேட்கிறார்கள்: "என்ன பிள்ளை?"

பெரியவர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்.

"நம்ம பிள்ளை!"